லக்சம்பர்க் வருகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கான பணத்தோடு வாருங்கள்

லக்சம்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று போன் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஒன்றுதான் கேட்பார்கள். "அக்கா, மாசம் எவ்வளவு ஆகும்? எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" அதற்கு என் நோட்டில் பதில் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. வந்து இறங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கையைவிட்டு எவ்வளவு போகும்? நாங்கள் தடுமாறியது அதில்தான். மாதச் செலவு எங்களை ஒருநாளும் பயமுறுத்தவில்லை.

எங்களுக்கு ஈரோடு. கணவர் 2024 ஜனவரியில் தனியாக வந்தார். நானும் மகளும் ஏப்ரலில் வந்தோம். கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவு நோட்டு எழுதுவது என் வழக்கம். இங்கே வந்த பிறகு யூரோவில் எழுதுகிறேன். கீழே இருக்கும் வாடகை, சாமான் கணக்கெல்லாம் அந்த நோட்டில் உள்ளவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

நாட்டின் மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தொடவில்லை. இவர்கள் போக, பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வேலைக்கு வந்துபோகிறார்கள். உள்ளே குடியிருக்க வீடு போதவில்லை, அதனால் வாடகை ஏறிக் கிடக்கிறது. இந்த ஊரில் உண்மையிலேயே விலை அதிகமானது வீடு ஒன்றுதான். மற்றதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

வீட்டுக் கணக்கை முழுசாகச் சொல்கிறேன். நாங்கள் தலைநகரில் எடுக்கவில்லை. தெற்கே டிஃபர்டாஞ் என்ற ஊரில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 1,750 யூரோ. அதற்கு மேல் 'ஷார்ஜ்' என்று மாதம் 250. நம் ஊர் மெயின்டனன்ஸ் மாதிரிதான், ஆனால் ஹீட்டரும் தண்ணீரும் இதற்குள்ளேயே வந்துவிடும். கையெழுத்துப் போட்ட வாரத்தில் நாங்கள் கட்டியது இவ்வளவு: மூன்று மாத அட்வான்ஸ் 5,250. புரோக்கர் ஏஜென்சிக்கு ஒரு மாத வாடகையும் அதன் மேல் 17 சதவீத வரியும் சேர்த்து 2,047.50. முதல் மாத வாடகையும் ஷார்ஜும் 2,000. மொத்தம் 9,297 யூரோ 50 சென்ட். ஊரில் போட்டு வைத்திருந்த ஒரு பிக்சட் டெபாசிட்டை உடைத்துத்தான் கட்டினோம்.

இப்போது வருகிறவர்களுக்குச் சட்டம் மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஏஜென்சி கமிஷனை வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பாதிப் பாதி கட்டவேண்டும். அதே வீட்டை இன்று எடுத்தால் 3,500, 1,023.75, 2,000 என்று கூட்டி 6,523.75 யூரோவில் முடியும். யாராவது மூன்று மாத அட்வான்ஸ் கேட்டாலும், முழுக் கமிஷனும் உங்கள் தலையில் என்று சொன்னாலும், இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது என்ற நினைப்பில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பணம் இருந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடாது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். இப்போதுதான் வந்தவரிடம் அது எப்படி இருக்கும்? நிரந்தர வேலை ஒப்பந்தமா என்றும், தகுதிகாண் காலம் முடிந்ததா என்றும் பார்ப்பார்கள். ஒரு ஏஜென்சியில் எல்லாக் காகிதமும் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். வீடு வேறொருவருக்குப் போய்விட்டதை நாங்களாகப் போன் செய்த பிறகுதான் சொன்னார்கள். அந்த மூன்று வாரத்தில் வேறு வீடு பார்க்காமல் இருந்தது பெரிய நஷ்டம். ஒரே நேரத்தில் நான்கைந்து வீட்டுக்கு மனுப்போடுங்கள், தப்பில்லை. கம்பெனி மனிதவளத் துறையிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள், சம்பளம் இவ்வளவு, வேலை நிரந்தரம் என்று. எங்களுக்கு வீடு கிடைத்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம்.

கணவர் முதல் மூன்று மாதம் பொன்வுவா பகுதியில் நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார், மாதம் 850. தற்காலிகமாக இடம் எடுக்கும்போது மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த முகவரியில் கம்யூனில் பதிவு செய்ய விடுவீர்களா?" கம்யூன் என்றால் நகராட்சி மாதிரி. வந்து மூன்று வேலை நாட்களுக்குள் அங்கே போய்ப் பதியவேண்டும். பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லாவிட்டால் அடுத்து எதுவுமே நகராது. அதற்கப்புறம் மருத்துவப் பரிசோதனை, காசநோய் சோதனை, மூன்று மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு மனு. அட்டைக்கு ஆளுக்கு 80 யூரோ. இந்தச் சில்லறைச் செலவெல்லாம் குடும்பத்தில் மூன்று பேர் என்றால் மும்மடங்கு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சாவி வாங்கிய அன்று சாயங்காலம் வீட்டுக்குள் போய் சுவிட்சைத் தட்டினேன். எதுவும் எரியவில்லை. கரண்ட் இல்லையோ என்று அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து இரண்டு ஒயர் தொங்குகிறது, முனையில் சின்ன பிளாஸ்டிக் கட்டை. பல்பு இல்லை, பல்பு மாட்டும் ஹோல்டர்கூட இல்லை. எல்லா அறையிலும் அப்படித்தான். காலி செய்து போகிறவர்கள் விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது இங்கே வழக்கம். சமையலறையில் அடுப்புக்கு மேலே புகைபோக்கியில் மட்டும் ஒரு சின்ன விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் முதல் ராத்திரி மகளுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். அதனால் ஹோல்டரோடு இரண்டு மூன்று பல்பை முதல் நாள் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சமையலறை மட்டும் அடுப்பு, அலமாரியோடு இருக்கும். கட்டில், மேஜை, வாஷிங் மெஷின் நாம்தான் வாங்கவேண்டும். எல்லை தாண்டினால் பெல்ஜியம் ஆர்லோன் பக்கத்தில் ஐகியா இருக்கிறது. மெத்தையை மட்டும் அங்கே புதிதாக வாங்கினோம், மற்றதெல்லாம் ஊரை விட்டுப் போகிறவர்களிடம் பழசு. எல்லாம் சேர்த்து 1,800 ஆனது. முழுக்கப் புதிதாக வாங்கியிருந்தால் இதுபோல் இரண்டு மடங்காவது ஆகியிருக்கும்.

குடிபோகும் நாளில் வீட்டின் நிலையை அறை அறையாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அவசரப்படாதீர்கள். சுவரில் ஆணி ஓட்டை, தரையில் கீறல், குளியலறையில் கறை, ஒன்று விடாமல் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்புவது அந்தக் காகிதத்தை வைத்துத்தான். ஷார்ஜ் 250 என்பதும் முன்பணம்தான். வருஷம் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு எரிந்தது என்று 'தெகோன்த்' என்ற கணக்கு வரும். எங்கள் முதல் கணக்கில் 430 யூரோ கூடுதலாகக் கட்டினோம். அன்றிலிருந்து மாதம் 40 யூரோ தனியாக எடுத்து வைக்கிறேன்.

சம்பளக் கதைக்கு வருவோம். ஆஃபர் கடிதத்தில் இருப்பது கிராஸ். அதில் சுமார் எட்டில் ஒரு பங்கு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்று போய்விடும். மீதியில் வருமான வரி. வரிக்கு வகுப்பு உண்டு. தனியாள் என்றால் வகுப்பு 1, தம்பதி என்றால் வகுப்பு 2, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் 1ஏ. கணவர் தனியாக இருந்த மூன்று மாதமும் வகுப்பு 1-இல் வெட்டினார்கள். நாங்கள் வந்து பதிந்து வகுப்பு 2 ஆனதும் அதே சம்பளத்தில் கைக்கு ஐந்நூறு யூரோவுக்கும் மேல் கூடுதலாக வந்தது. எனவே திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஊரிலேயே அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை, வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த முத்திரைக்காக அப்பாவைச் சென்னைக்கு இரண்டு தடவை அலையவிட்டேன். இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு ஒன்றுண்டு. விலைவாசிக் குறியீடு குறிப்பிட்ட அளவு ஏறினால் எல்லாருடைய சம்பளமும் தானாக 2.5 சதவீதம் ஏறும். முதலாளி தயவு எதுவும் வேண்டாம், சட்டம் அது. 2023-இல் மட்டும் பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என்று மூன்று முறை ஏறியது. 2025 மே மாதம் மறுபடியும். வாடகை நடுவில் ஏறினால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கம்பெனி உணவுக் கூப்பன் தருமா என்று ஆஃபர் பேசும்போதே கேளுங்கள். ஒரு கூப்பன் 15 யூரோ வரை, அதில் நம் பங்கு 2.80. கணவருக்கு மாதம் 18 வருகிறது. 270 யூரோ பெறுமானம், சம்பளத்தில் பிடிப்பது 50.40 மட்டும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பலவற்றில் இதை வாங்கிக்கொள்கிறார்கள். அவர் மதியத்துக்கு டப்பா எடுத்துப்போகிறார், கூப்பன் முழுக்க என் மளிகைக்கு வந்துவிடுகிறது. வெளியில் ஒரு வேளை சாப்பிட்டால் 15 யூரோவுக்குக் குறைந்து எழுந்திருக்க முடியாது. ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கே தனியாக ஆறேழு யூரோ. வீட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கவே வேண்டாம்.

மருத்துவச் செலவு இங்கே வேறு விதம், புதிதாக வந்தவர்கள் மிரண்டுபோகும் இடம். மருத்துவருக்கு முழுப் பணத்தையும் முதலில் நாமே கட்டவேண்டும். பிறகு அந்த பில்லை சி.என்.எஸ். என்ற காப்பீட்டு நிதிக்கு அனுப்பினால் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புவார்கள். பெரியவர்களுக்குச் சாதாரண மருத்துவரிடம் 88 சதவீதம், 18 வயதுக்குக் கீழே என்றால் 100 சதவீதம். எனக்கு முதல் முறை அறுபது யூரோ ஆனது, 52.80 திரும்பி வந்தது, ஆனால் மூன்று வாரம் கழித்து. வந்த முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல், காது வலி, மறுபடியும் காய்ச்சல் என்று ஒரே மாதத்தில் நான்கு தடவை போனோம். எல்லாப் பணமும் திரும்பி வந்தது உண்மை. ஆனாலும் அந்த மாதம் கையில் 250 யூரோ இருந்திருக்கவேண்டுமே. மருந்துக்கடையில் மட்டும் சமூகப் பாதுகாப்பு அட்டையைக் காட்டினால் நம் பங்கைக் கட்டினால் போதும். இப்போது சில மருத்துவர்கள் நம் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறைக்கு வந்திருக்கிறார்கள். போகும் முன் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

பில்லைப் பத்திரப்படுத்தச் சொல்லிக்கொடுத்தவர் பிரான்ஸ் பக்கத்துத் தியோன்வில்லில் இருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஸ்டேஷனில் பழக்கம். நான் மருத்துவரின் பில்லைக் கசக்கிக் கைப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, ஒரு துண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ. இஞ்ச கடுதாசிதான் காசு." அன்றே ஒரு பைல் வாங்கினேன். பணம் கட்டிய ரசீது சேர்ந்திருக்கவேண்டும், பில்லில் சமூகப் பாதுகாப்பு எண் இருக்கவேண்டும், இதில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளை இருந்தால் அரசு திருப்பித் தருவது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பிள்ளைக்கு மாதம் சுமார் 300 யூரோ உதவித்தொகை. மனுப்போட்டால்தான் வரும், ஆகவே பதிவு முடிந்த வாரமே போட்டுவிடுங்கள். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன் ஆறு வயதுக்கு மேல் 115, பன்னிரண்டுக்கு மேல் 235 தனியாக. 2022 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்களில் 'மெசோன் ரலே' என்ற பள்ளி நேரப் பராமரிப்பு இலவசம். ஆனால் இடம் கிடைக்க வரிசை உண்டு.

பள்ளிதான் பெற்றோரின் மனசைப் பிசைகிற விஷயம். உள்ளூர்ப் பள்ளியில் லக்சம்பர்கிஷ் பேசி, ஜெர்மனில் எழுதப் படித்து, பிறகு பிரெஞ்சு. ஏழு வயதில் வந்த என் மகள் இதில் திணறுவாளே என்று பல ராத்திரி தூங்கவில்லை. தனியார் சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அரசே நடத்தும் சர்வதேசப் பள்ளிகள் இருக்கின்றன, ஆங்கிலப் பிரிவோடு, கட்டணம் இல்லாமல். அதில் ஒன்று டிஃபர்டாஞ்சில் இருக்கிறது. நாங்கள் இந்த ஊரில் வீடு தேடியதே அதற்காகத்தான். இடம் உறுதியில்லை, மனுவைச் சீக்கிரம் போடவேண்டும். ஆங்கில வழிப் படிப்பு வேண்டும் என்கிறவர்கள் முதலில் பள்ளியைப் பாருங்கள், அப்புறம் வீட்டைப் பாருங்கள்.

போக்குவரத்துக்கு என் நோட்டில் பூஜ்யம். 2020 மார்ச் முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு எல்லாருக்கும் இலவசம். டிக்கெட்டே இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். எல்லை தாண்டும் பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவேண்டும். டிஃபர்டாஞ்சிலிருந்து தலைநகருக்கு முக்கால் மணிக்குள் வந்துவிடலாம் என்பதால் கார் வாங்கவில்லை. தலைநகருக்குள்ளேயே இதே அளவு வீட்டுக்கு எங்களிடம் சொன்னது 2,300. அந்த 550 யூரோ மிச்சத்துக்கு முக்கால் மணி நேரப் பயணம் தகும் என்பது என் கணக்கு.

"அப்படியே ஜெர்மனியில் டிரியரில் வீடு எடுத்துக்கொண்டு வந்துபோனால் இன்னும் மலிவுதானே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சரி. நம் கையில் இருப்பது லக்சம்பர்க் குடியிருப்பு அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் குடியிருக்க முடியாது, அந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும். வாடகைக்கு ஆசைப்பட்டு அனுமதியை இழந்துவிடாதீர்கள்.

சாமான் வாங்க மட்டும் டிரியர் போகலாம். ஷாம்பு, சோப்பு, டயப்பர் எல்லாம் அங்கே குறைவு. அங்கிருப்பவர்கள் பெட்ரோலுக்கும் காப்பித்தூளுக்கும் இந்தப் பக்கம் வருகிறார்கள். உணவுப்பொருளுக்கு இங்கே வரி 3 சதவீதம்தான். பால், முட்டை, காய்கறி, மாவு கணக்குப் பார்த்தால் பயப்படும்படி இல்லை. இட்லி அரிசி, உளுந்து, புளி, கறிவேப்பிலைதான் இழுக்கும். தலைநகரில் ரயில் நிலையத்துப் பக்கம் இந்தியக் கடைகள் உண்டு, அவசரத்துக்கு ஆகும். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாரிஸ் போகும்போது லா சப்பெல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய், ராசவள்ளிக் கிழங்கு, அரிசி மாவு என்று பெட்டி நிறைய வாங்கி வந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பல கடைகள் திறந்திருக்காது. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

இப்போது அந்த மாதக் கணக்கு. வீடு 2,000. மளிகை, காய், பால் எல்லாம் 520, அதில் பாதி கூப்பனில் போகும். மின்சாரம் 65. இன்டர்நெட்டும் இரண்டு போனும் 85. வீட்டுக் காப்பீடு 15, அதை வீட்டுக்காரரே கேட்பார். மருத்துவத்துக்கு முன்பணமாக 60. ஷார்ஜ் பாக்கிக்கு 40. துணிமணி, குளிர்கோட்டு, மகளின் நீச்சல் வகுப்பு, எப்போதாவது வெளியே சாப்பாடு எல்லாம் சேர்த்து 350. கூட்டினால் 3,135. கணவரின் நெட் 4,500-ஐ ஒட்டி, பிள்ளைக்கு வருவது 300. கூப்பனைச் சேர்க்காமலே சுமாராக 1,600 யூரோ நிற்கிறது. நான் இன்னும் வேலைக்குப் போகவில்லை. சார்ந்து வந்த துணைவரும் நேராக வேலைக்குச் சேரலாம் என்று 2023 செப்டம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. பிரெஞ்சு வகுப்பு முடிந்ததும் தேடலாம் என்றிருக்கிறேன்.

முதல் மூன்று மாதத்துக்கு இன்றைய சட்டப்படி எங்களைப் போன்ற குடும்பம் என்னவெல்லாம் வைத்திருக்கவேண்டும்? வீட்டுக்கு 6,500, சாமானுக்கு 1,800, அட்டை, பரிசோதனை, காகிதத்துக்கு 400, மருத்துவ முன்பணம் 300, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடும் தற்காலிக அறையும் 1,500. பத்தாயிரத்து ஐந்நூறு யூரோ. தனியாள் என்றால், பகிர்ந்த அறையில் தொடங்கினால், நாலாயிரத்தில் சமாளிக்கலாம். கம்பெனி இடமாற்றுத் தொகை தருவதாகச் சொன்னால் அது முன்னால் வருமா, பில் காட்டிய பிறகு வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குப் பின்னால்தான் வந்தது.

ஊரிலிருந்து கொண்டுவரவேண்டியது என்று கேட்டால் நான் சொல்வது டேபிள் டாப் வெட் கிரைண்டர். பெட்டியில் பாதி எடையை அது தின்றுவிடும், பரவாயில்லை. கரண்ட் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், அப்படியே ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது. மூன்று முள் பிளக்குக்கு ஏற்ற, எர்த் உள்ள கனமான அடாப்டர் இரண்டை ஈரோடு கடையிலேயே வாங்கி கிரைண்டர் கல்லோடு சுற்றி வைத்துவிடுங்கள். விமான நிலையத்தில் விற்கும் மெல்லிசு அடாப்டர் உளுந்து அரைபடும்போது சூடேறி வாடை வரும்.